பப்பாளிப் பாலும் புள்ளிக் காகிதமும்

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம், கூடலூர் போகும் சாலையின் இருபுறமும் நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சைப் பந்தலும் மாறி மாறி வரும். மாவட்டத்தில் பப்பாளித் தோட்டங்களும் உண்டு. பப்பாளியைப் பழத்துக்காக மட்டும் வளர்ப்பதில்லை. பச்சைக் காயின் தோலை லேசாகக் கீறினால் வடிகிற வெள்ளைப் பாலுக்கும் தமிழ்நாட்டில் சந்தை இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன் காயில் நான்கு கீறல் போட்டு, வடியும் பாலைத் தட்டில் பிடித்து, உலர்த்தித் தூளாக்கினால் அதுதான் பப்பைன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோயம்புத்தூரில் உருவாக்கிய கோ-5 என்ற ரகம் இந்தப் பாலுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. பால் எடுப்பவர்கள் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது தோலையே அரித்துவிடும்.

முற்றிய ஆட்டுக்கறியோடு பப்பாளிக்காய்த் துண்டு சேர்த்தால் கறி சீக்கிரம் வேகும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அடுப்பின் சூடு முழுதாக ஏறுவதற்கு முன்பே பப்பைன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. இறைச்சியின் புரத இழைகளை அது வெட்டுகிறது. புரதத்தை வெட்டும் இத்தகைய நொதிகளுக்குப் புரோட்டியேஸ் என்று பெயர். 

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலி. அமினோ அமிலங்களில் முக்கியமானவை 20 வகை. இந்தச் சங்கிலியில் நொதி எந்த இடத்தில் வெட்டும்? கண்ட இடத்தில் வெட்டுமா, பார்த்து வெட்டுமா? பார்த்துத்தான் வெட்டும் என்றால் எத்தனை அமினோ அமிலங்களைப் பார்க்கும்? நொதி எந்தப் பொருளின் மேல் வேலை செய்கிறதோ அதைத் தளப்பொருள் என்கிறோம். ஒரு நொதிக்கு எந்தத் தளப்பொருள் பொருந்தும் என்ற கேள்விக்கு நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு. அந்தக் கேள்வியை நூற்றுக்கணக்கில், ஒரே நேரத்தில், ஒரே தாளின் மேல் கேட்க வழி செய்த கருவி ஒன்று பிறந்தது. ஆய்வகத்து வடிதாள்தான் அதற்கு அடிப்படை.

1894-இல் ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் சர்க்கரைச் சேர்மங்களை நொதிகள் உடைப்பதைப் பார்த்து, நொதியும் தளப்பொருளும் பூட்டும் சாவியும்போல் பொருந்த வேண்டும் என்றார். பிற்பாடு அவரே அமினோ அமிலங்களைக் கையால் கோக்கத் தொடங்கினார். 1901-இல் இரண்டு கிளைசின்களை இணைத்தார். 1907-க்குள் 18 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி வரை போனார். இப்படிப்பட்ட குட்டிச் சங்கிலிகளே பெப்டைடுகள். புரதத்தின் ஒரு சிறு துண்டை மனிதர் நினைத்தபடி செய்ய முடியும் என்றால், நொதிக்கு அதைக் கொடுத்து என்ன செய்கிறது என்று பார்க்கவும் முடியும்.

அப்படிப் பார்த்தவர் ஃபிஷரின் மாணவர் மாக்ஸ் பெர்க்மான். டிரெஸ்டனில் இருந்த தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் அவர். அங்கே 1932-இல் லியோனிடாஸ் ஸெர்வாஸ் என்ற கிரேக்கருடன் சேர்ந்து ஒரு முக்கியமான வழியைக் கண்டார். அமினோ அமிலத்தின் ஒரு முனையைத் தற்காலிகமாக மூடி வைத்து, மறுமுனையில் மட்டும் அடுத்ததைக் கோத்து, பிறகு மூடியைக் கழற்றும் வழி அது. அடுத்த வருடமே நாஜி ஆட்சி வந்தது. யூதரான பெர்க்மான் பதவி இழந்து நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவரும் ஜோசப் ஃப்ரூட்டனும் 1930-களின் இறுதியில், வயிற்றிலுள்ள பெப்சின் என்ற நொதி, கையால் செய்த சின்னஞ்சிறு பெப்டைடையும் வெட்டும் என்று காட்டினார்கள். பெப்சின் பெரிய புரதத்தைத்தான் வெட்டும் என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். நொதி சங்கிலி முழுவதையும் பார்ப்பதில்லை, வெட்டும் இடத்துக்கு அருகிலுள்ள சில அமினோ அமிலங்களையே பார்க்கிறது என்பது இதிலிருந்து தெளிவாயிற்று.

சில என்றால் எத்தனை? இதற்குப் பதில் சொன்னது பப்பாளிப் பால். இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் இஸ்ரேல் ஷெக்டரும் அரியே பெர்கரும் அலனின் என்ற ஒரே அமினோ அமிலத்தால் வெவ்வேறு நீளத்தில் பெப்டைடுகள் செய்தார்கள். சிலவற்றில் ஓரிடத்தில் மட்டும் அலனினின் கண்ணாடிப் பிம்ப வடிவத்தை வைத்தார்கள். இவற்றைப் பப்பைனுக்குக் கொடுத்து, எது எந்த வேகத்தில் எங்கே வெட்டுப்படுகிறது என்று அளந்தார்கள். பப்பைனின் பள்ளத்தில் ஏழு அமினோ அமிலங்கள் உட்கார ஏழு இடங்கள் இருக்கின்றன என்று 1967-இல் அறிவித்தார்கள். பள்ளத்தின் நீளம் சுமார் 25 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒரு மில்லிமீட்டரை நாலு லட்சமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. வெட்டும் இடத்துக்கு ஒருபுறம் நான்கு, மறுபுறம் மூன்று. பெப்டைடின் இடங்களுக்குப் பி1, பி2 என்றும், நொதியில் அவை உட்காரும் குழிகளுக்கு எஸ்1, எஸ்2 என்றும் அவர்கள் எண்ணிட்டார்கள். எந்த நாட்டில் எந்தப் புரோட்டியேஸைப் படித்தாலும் இன்றும் இந்த எண்களைத்தான் எழுதுகிறார்கள். பப்பைனுக்கு வெட்டுக்கு முந்தைய இரண்டாவது இடத்தில் ஃபீனைல்அலனின் போன்ற, தண்ணீரில் ஒட்டாத பெரிய அமினோ அமிலம் வேண்டும். மற்ற இடங்களில் அது பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். இறைச்சி முதல் தோல் வரை அதை இவ்வளவு வேலைக்குப் பயன்படுத்த முடிவது இதனால்தான்.

பெப்டைடு எப்படி வேண்டுமானாலும் மடங்கிப் பள்ளத்தில் உட்காராது. சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பினால் அணுக்கள் மோதும் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் வரைபடமாகக் கொடுத்திருந்தார்கள். புரோட்டியேஸ்களின் பள்ளங்களில் தளப்பொருள் பெரும்பாலும் நீட்டி விரித்த நிலையில் படுக்கிறது. அந்த நிலை ராமச்சந்திரன் வரைபடம் அனுமதிக்கும் பகுதிகளில் ஒன்று. 

இதுவரை கேள்வி தெளிவாகிவிட்டது. அதைக் கேட்க ஆகும் செலவுதான் பெரும் தடையாக நின்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு இடங்களில் 20 வகை அமினோ அமிலங்களையும் மாற்றி மாற்றி வைத்தால் 400 பெப்டைடுகள். மூன்று இடம் என்றால் 8,000. ஏழு இடம் என்றால் 128 கோடி. பெர்க்மான் காலத்து முறையில் ஒவ்வொரு அமினோ அமிலத்தைக் கோத்த பிறகும் பொருளைப் பிரித்தெடுத்து, சுத்தப்படுத்தி, படிகமாக்க வேண்டும். நாலைந்து பெப்டைடுகளைச் செய்து முடிப்பதே பெரிய வேலை.

அந்தத் தடையின் முதல் பாதியை உடைத்தவர், பெர்க்மான் வேலை செய்த அதே ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் இருந்த புரூஸ் மெரிஃபீல்ட். சங்கிலியின் ஒரு முனையைக் கரையாத பிளாஸ்டிக் மணியில் கட்டிவிட்டால், ஒவ்வொரு முறையும் மிச்சத்தை வடிகட்டிக் கழுவிவிட்டு அடுத்ததைக் கோக்கலாம் என்ற யோசனையை 1959 மே 26 அன்று தன் குறிப்பேட்டில் எழுதினார். 1963-இல் நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுடன் அதை வெளியிட்டார். 1984-இல் இதற்காக நோபல் பரிசு பெற்றார். சுத்தப்படுத்தும் வேலை கழுவும் வேலையாகச் சுருங்கியது. ஆனாலும் ஒரு நேரத்தில் ஒரு பெப்டைடுதான் பிறந்தது.

ஒரே நேரத்தில் பல பெப்டைடுகள் என்ற எண்ணம் 1980-களில் பல இடங்களில் முளைத்தது. ஆஸ்திரேலியாவில் மரியோ கைசன் 1984-இல் பிளாஸ்டிக் ஊசி முனைகளில் பெப்டைடுகளை வளர்த்து, கால்நடைகளின் கோமாரி நோய் வைரஸை எதிர்ப்பொருள் எங்கே பிடிக்கிறது என்று தேடினார். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹாட்டன் 1985-இல் தேயிலைப் பைபோன்ற வலைப்பைகளில் மெரிஃபீல்டின் மணிகளைப் போட்டு, பைகளை மொத்தமாகக் கழுவினார். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில், உயிரித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் இருந்த ரொனால்ட் ஃபிராங்க் வடிதாளை எடுத்தார்.

அவர் தொடங்கியது பெப்டைடில் அல்ல, டிஎன்ஏயில். 1983-இல் அவரும் கூட்டாளிகளும் செல்லுலோஸ் வடிதாளிலிருந்து வெட்டிய சிறு வட்டங்களில் டிஎன்ஏ துண்டுகளை வளர்த்தார்கள். டிஎன்ஏவுக்கு எழுத்துகள் நான்கே. அடுத்து எந்த எழுத்து வேண்டுமோ அதற்கேற்ப வட்டங்களை நான்கு குவியலாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலையும் மொத்தமாக வினைக்கு உட்படுத்தி, மீண்டும் கலைத்துப் பிரித்தால் போதும். 1988-இல் ஃபிராங்கும் டோரிங்கும் இதே வழியைப் பெப்டைடுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே எழுத்துகள் 20. வட்டங்களை ஒவ்வொரு சுற்றிலும் இருபது குவியலாகப் பிரிக்க வேண்டும்.

அடுத்த அடியில்தான் இந்தக் கருவி பிறந்தது. தாளைத் துண்டு துண்டாக வெட்டி இடம் மாற்ற வேண்டாம். தாள் முழுதாக இருக்கட்டும், அமினோ அமிலக் கரைசல் சொட்டாக அதனிடம் வரட்டும். சீக்கிரம் ஆவியாகாத கரைப்பானில் கலந்த ஒரு மைக்ரோலிட்டர் அளவு சொட்டைத் தாளில் வைத்தால், அது வட்டமாகப் பரவி ஓர் அளவோடு நின்றுவிடுகிறது. பக்கத்துச் சொட்டோடு கலப்பதில்லை. அந்த வட்டத்துக்குள் வினை நடந்து முடிகிறது. ஒவ்வொரு ஈரப் புள்ளியும் ஒரு தனி வினைக்கலம். ஃபிராங்க் இதை 1990-இல் ஒரு மாநாட்டில் சொன்னார், 1992-இல் விரிவான கட்டுரையாக வெளியிட்டார். ஸ்பாட் முறை என்று அதற்குப் பெயர் நிலைத்தது.

செய்முறை எளிது என்பதாலேயே அதை இங்கே முழுதாகச் சொல்ல வேண்டும். செல்லுலோஸில் ஏராளமான ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. அவற்றில் முதலில் பீட்டா-அலனின் என்ற சிறு அமினோ அமிலத்தைப் பிணைக்கிறார்கள். சங்கிலி வளரப் பிடிமானம் அது. பிறகு புள்ளி வைக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்தந்தப் புள்ளிக்கு வேண்டிய அமினோ அமிலத்தைச் சொட்டுக் குழாயால் வைக்கிறார்கள். அமினோ அமிலத்தின் ஒரு முனையை எஃப்மாக் என்ற மூடி காத்துக்கொண்டிருக்கும். வினை முடிந்ததும் தாள் முழுவதையும் ஒரு தட்டில் போட்டுக் கழுவி, பிணையாமல் மிஞ்சிய முனைகளை அடைத்து, பிப்பெரிடின் கரைசலால் மூடியைக் கழற்றி, மறுபடி அடுத்த சொட்டு. எத்தனை அமினோ அமிலமோ அத்தனை சுற்று. கடைசியில் ஓர் அமிலக் குளியலில் பக்கக் கிளைகளின் மூடிகளும் கழன்றுவிடும். பெப்டைடுகள் மட்டும் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

வினை நடந்ததா என்று தெரிந்துகொள்ளவும் ஒரு நல்ல வழி இருக்கிறது. மூடி கழன்ற பிறகு தாளைப் புரோமோஃபீனால் நீலம் என்ற சாயத்தில் நனைத்தால், திறந்த அமினோ முனைகள் இருக்கும் புள்ளிகள் நீலமாகின்றன. அடுத்த அமினோ அமிலம் பிணையப் பிணைய நீலம் பச்சையாகி மஞ்சளாகும். எந்தப் புள்ளி பிணைந்தது, எது பிந்துகிறது என்று கண்ணாலேயே பார்த்து, பிந்தியதற்கு இன்னொரு சொட்டு வைக்கலாம். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய தாளில் 17 வரிசையும் 25 பத்தியுமாக 425 புள்ளிகள் அடங்கும். இரண்டு இடத்துக்கான 400 சேர்மானங்களும் ஒரே தாளில்.

இந்தத் தாளை நொதிக்குக் காட்டும்போது ஆய்வாளர் செய்வது, பந்தியில் இலை நிறையப் பரிமாறிவிட்டு விருந்தாளி எதை எடுத்தார், எதைத் தொடவில்லை என்று பார்ப்பதைப் போன்றது. நொதி எந்தப் புள்ளியில் வேலை செய்தது என்பதே அது எதைத் தேர்கிறது என்பதற்கு விடை. 

கைனேஸ் நொதிகளுக்கு இது நன்றாகப் பொருந்தியது. கைனேஸ் வெட்டாது. புரதத்தில் குறிப்பிட்ட இடத்தில் பாஸ்பேட்டை ஒட்டும். உடலின் செல்களுக்குள் செய்தி போவது பெரும்பாலும் இந்த ஒட்டுதலால்தான். இதைக் கண்டறிந்த எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1992-இல் நோபல் பரிசு பெற்றார்கள். பிகேஏ என்ற கைனேஸ் எதைத் தேர்கிறது என்று கிரெப்ஸின் குழு 1977-இல் ஒவ்வொரு பெப்டைடாகச் செய்து பார்த்தது. லூசின், ஆர்ஜினின், ஆர்ஜினின், அலனின், செரின், லூசின், கிளைசின் என்ற ஏழும் கொண்ட, கெம்ப்டைடு என்ற புகழ்பெற்ற பெப்டைடு அப்போது வந்தது. செரினுக்கு முன்னால் இரண்டு ஆர்ஜினின்கள் வேண்டும் என்பது அதன் பாடம். 1995-இல் வெர்னர் டெக்கே, ஃபிராங்க், ஹாஃப்மான், வொல்ஃப்காங் தோஸ்ட்மான் நால்வரும் இதே நொதிக்கும் அதன் நெருங்கிய உறவான பிகேஜி என்ற நொதிக்கும் செல்லுலோஸ் தாளில் பெப்டைடு நூலகத்தைப் பரப்பினார்கள். பாஸ்பேட்டைக் கொடுக்கும் ஏடிபி என்ற மூலக்கூறைக் கதிரியக்கப் பாஸ்பரஸோடு எடுத்து, அதனுடன் நொதியை ஊற்றி, கழுவி, எக்ஸ்ரே படச்சுருளின் மேல் தாளை வைத்தார்கள். பாஸ்பேட் ஏறிய புள்ளிகள் கறுப்பாகப் பதிந்தன. ஒன்றையொன்று ஒத்த இரண்டு நொதிகளின் தேர்வும் எங்கே பிரிகிறது என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடிந்தது. தாளின் மேலான அந்தத் தேடல் தொடர்ந்து, 2000-இல் தோஸ்ட்மானின் குழு பிகேஜியை மட்டும் தடுக்கும் பெப்டைடுகளை வெளியிட்டது. மூளையின் ரத்தக் குழாய்கள் விரிவதில் அந்த நொதியின் பங்கைச் சோதிக்க அவை உதவின.

வெட்டும் நொதிகளுக்கும் வழி பிறந்தது. சவ்வில் பிணைத்த பெப்டைடுகளைக் கொண்டு புரோட்டியேஸ்களின் தேர்வை வரைபடமாக்கும் முறையை 1994-இல் டுவானும் ரிச்சர்ட் லார்சனும் வெளியிட்டார்கள். பெப்டைடின் வெளி முனையில் ஒளிரும் அடையாளம் ஒன்றைக் கட்டிவிட்டால், நொதி வெட்டும்போது அடையாளம் கழன்று கரைசலுக்குள் போகும். புள்ளியின் ஒளி குறைவதையோ கரைசலின் ஒளி கூடுவதையோ அளந்தால் எது வெட்டுப்பட்டது என்று தெரியும். 

இந்தத் தாள் சொல்வதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புள்ளியில் இருக்கும் பெப்டைடைத் தனியே சுத்தப்படுத்தியிருக்க மாட்டார்கள். ஒரு புள்ளியில் பெப்டைடுகள் நெருக்கமாக நிற்பதால், கரைசலில் பலவீனமாகப் பிடிப்பதும் இங்கே பலமாகத் தெரியலாம். வெட்டு எந்தக் கணுவில் விழுந்தது என்பதைத் தனியாக நிறை நிறமாலைமானியில் பார்க்க வேண்டும். அதனால் தாளில் நன்றாகத் தெரிந்த நாலைந்து பெப்டைடுகளைக் கரைசலில் செய்து, வினையின் வேகத்தை முறையாக அளந்த பிறகே முடிவைச் சொல்வார்கள். தாளின் வேலை 400-ஐ ஐந்தாகக் குறைத்துத் தருவது. அந்த வேலையை அது மிக நன்றாகச் செய்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்து இதைப் பற்றி எழுதக் காரணம் பப்பாளிப் பால் மட்டுமல்ல. பப்பாளி பயிரிடும் எவரும் அஞ்சும் வளையப்புள்ளி நோய் இன்னொரு காரணம். அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் அது. இலை தேமலாகிச் சுருங்கும், காயில் வட்ட வட்டமாகக் கோடு விழும், மரத்தின் காய்ப்பு போய்விடும். மருந்தடித்துக் குணப்படுத்த வழியில்லை.

இந்த வைரஸ் தன் புரதங்களைத் தனித்தனியாகச் செய்வதில்லை. 3,344 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே நெடுஞ்சங்கிலியாகச் செய்துவிட்டு, பிறகு தன் புரோட்டியேஸ்களால் துண்டாக்குகிறது. அந்த வெட்டுகளில் பெரும்பாலானவற்றைச் செய்யும் என்ஐஏ என்ற நொதியின் குணம் பப்பைனுக்கு நேர் எதிர். அது எளிதில் விட்டுக்கொடுக்காது. இதே குடும்பத்தைச் சேர்ந்த புகையிலை வைரஸின் என்ஐஏ நொதிக்கு ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட வாசகம் தேவை என்று ஜேம்ஸ் காரிங்டனும் வில்லியம் டோஹெர்ட்டியும் 1988-இல் காட்டினார்கள். குளூட்டாமிக் அமிலம், அஸ்பராஜின், லூசின், டைரோசின், ஃபீனைல்அலனின், குளூட்டமின் என்று வந்து, அடுத்துச் செரினோ கிளைசினோ இருந்தால் அந்த ஆறுக்கும் ஏழாவதுக்கும் இடையில் வெட்டு விழும். இவ்வளவு கண்டிப்பு இருப்பதால்தான், செயற்கையாகச் செய்த புரதத்திலிருந்து வேண்டாத வாலை மட்டும் நறுக்கி எடுக்க உலகெங்கும் ஆய்வகங்கள் அந்த நொதியை நம்புகின்றன.

ஒரே பப்பாளி மரத்தில் தாராளமாக வெட்டும் நொதியும், அந்த மரத்தைத் தாக்கும் வைரஸுக்குள் கண்டிப்பாக வெட்டும் நொதியும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே முறையால் கேட்கலாம். ஏழு எழுத்து வாசகத்தை எடுத்து, ஒவ்வோர் இடத்திலும் 20 அமினோ அமிலங்களையும் மாற்றி வைத்தால் 140 புள்ளிகள். 128 கோடி தேவையில்லை. எந்த இடத்தை மாற்றினால் நொதி நின்றுவிடுகிறது, எந்த இடத்தில் கண்டுகொள்ளாமல் போகிறது என்பது அந்த ஒரு தாளிலேயே தெரிந்துவிடும். நொதியை அடைக்கும் பொருளை வடிவமைக்க நினைப்பவருக்கு முதலில் வேண்டியது இந்தப் பட்டியல்தான். இந்திய வளையப்புள்ளி வைரஸ்களில் வேறுபாடுகள் மிகுதி. பிற நாட்டில் போட்ட பட்டியல் இங்கே அப்படியே பொருந்தும் என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

மெரிஃபீல்டின் முறை பின்னால் பெரிய தானியங்கி இயந்திரங்களின் கைக்குப் போனது. ஃபிராங்கின் முறைக்கும் இயந்திரம் வந்தது, ஆனால் சொட்டுக் குழாயும் வடிதாளும் தட்டும் வைத்துக் கையாலேயே செய்ய முடியும் என்ற தன்மை மாறவில்லை. அமிலமும் பிப்பெரிடினும் ஆபத்தானவை. புகை வெளியேற்றும் அறையும் பழகிய ஆசிரியரும் கட்டாயம் வேண்டும். அவை இருக்கும் ஒரு மாவட்டக் கல்லூரியின் வேதியியல் துறையால் இதைச் செய்ய முடியும். பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. பக்கத்தில் மதுரையில் பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டங்களில் நோய் கண்ட இலைகளும் இருக்கின்றன.

நொதியிடம் கேட்கும் கேள்வியின் விலையைக் குறைத்ததுதான் இந்தத் தாளின் உண்மையான சாதனை என்று நான் நம்புகிறேன். விலை அதிகமாக இருந்த காலத்தில் யாருடைய பயிருக்கு, யாருடைய நோய்க்கு அந்தக் கேள்வியைக் கேட்பது என்பதைப் பணமும் தூரமும் முடிவு செய்தன. ஒரு தாளில் 140 புள்ளி வைக்க முடிகிற இடத்தில் அந்த முடிவு நம்முடையது. பப்பாளி நம் பயிர், நோயும் நம் தோட்டத்து நோய். அந்த 140 கேள்விகளையும் நம் மாணவர்களே கேட்க வேண்டும்.